மொட்டைக் கடிதம் வாசித்த சேர்மன் அம்மா

தன்னைத் திட்டி வந்த கடிதத்தைக் கூட்டத்தில் தானே உரக்கப் படித்த ஒரு தலைவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நான் தட்டச்சர்; அவர் ஒன்றியக் குழுத் தலைவர். எல்லோருக்கும் சேர்மன் அம்மா. அவர் பெயரும் அந்த ஒன்றியத்தின் பெயரும் இங்கே வேண்டாம். உத்திரமேரூரில் என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம் என்று மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் பெண்களுக்கென்று இடம் ஒதுக்கி உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது ஜெயித்து வந்தவர் அவர். நாற்பது ஊர்களுக்கு மேல் சேர்ந்த ஒன்றியம் அது. குடிதண்ணீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துக்குக் கூரை, வயலுக்குப் போகிற மண்சாலை, எதுவானாலும் அந்தக் கூட்ட அறையில் தீர்மானமாகித்தான் வெளியே வரவேண்டும். அவருடைய வீட்டுக்காரர் கட்சிக்காரர், சொந்த டிராக்டர் வைத்திருந்தவர், நாலு பேரைத் தெரிந்தவர். தான் நிற்க முடியாத இடத்தில் மனைவியை நிறுத்தினார். வார்டு உறுப்பினர்களும் அவர் முகத்துக்காகத்தான் அம்மாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பதவியேற்று இரண்டாவது மாதமே முதல் கடிதம் வந்துவிட்டது. மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. கலெக்டர் அவர்களுக்கு என்று எழுதுவார்கள். கீழே நகல் என்று போட்டு, யாரைப் பற்றி எழுதினார்களோ அவருக்கும் ஒன்று அனுப்பிவைப்பார்கள். அங்கே நடவடிக்கை வராவிட்டாலும் இங்கே வயிறு கலங்க வேண்டும் என்பது நோக்கம். அனுப்புநர் என்ற இடத்தில் ‘பொதுமக்கள்’ என்று இருக்கும்.

தபால் பிரிப்பது என் வேலை. அந்தக் கடிதத்தை நான்காக மடித்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கூட்டம் தொடங்கியதும் அதை எடுத்து மேசைமேல் நீவிவிட்டார்.

“எல்லாரும் கேளுங்க. என்னப் பத்தி ஒருத்தரு எய்திக்கீறாரு.”

அவர் வாயில் ழ வராது. எழுது என்பது எய்து என்றுதான் வரும். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வரிக்குக் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் படிக்கிற குரலில் படித்தார். ‘தலைவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய கணவரே எல்லாக் கோப்புகளையும் பார்க்கிறார். கணவரே கையெழுத்தும் போடுகிறார்.’ அந்தக் கணவர் அவருக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலியில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கையெய்த்து நாந்தான் போடறேன். அது பொய். கூடவே ஒக்காந்துகினு கீறாரே, அது நெசம்.” வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “ஏங்க, எய்ந்து வெளிய போங்க.”

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். உறுப்பினர்களில் இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்காமல் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அறையில் சிரிப்புச் சத்தம் அடங்கியது. வீட்டுக்காரர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரை அவர் கூட்ட அறைக்குள் நுழைந்து பார்த்ததில்லை; வெளியே வேப்பமரத்தடியோடு நின்றுவிடுவார்.

“எய்திக்கோம்மா. ஒண்ணு பொய், ஒண்ணு நெசம்” என்றார் என்னிடம்.

இளநிலை உதவியாளர் இடம் காலியாக இருந்ததால் தீர்மானப் புத்தகமும் என் பொறுப்பில்தான் இருந்தது. இப்படியெல்லாம் எழுதலாமா என்று வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.வைப் பார்த்தேன். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த மனிதர் அவர். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கடிதம் வந்தால் அடுத்த கூட்டத்தில் முதல் பொருள் அதுதான். ஒவ்வொரு புகாராகப் படிப்பார். பொய் என்றால் பொய், நெசம் என்றால் நெசம். நடுவில் வழவழவென்று ஒன்றும் இருக்காது. ஒரு கடிதத்தில் எழுதியவர் ஊழல் என்பதை ஊளல் என்று எழுதியிருந்தார். அம்மா விரலை அங்கேயே நிறுத்தினார். “ஊயலுக்கு இந்த ளாவா வரும்? அந்த வாலு வெச்ச எய்த்து இல்ல வரணும்? ரெகார்டுல நீ சரியா எய்திடு.” அறை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு, “பொய்” என்றார்.

இன்னொரு முறை, ஒன்றிய ஜீப்பில் வாலாஜாபாத்துக்குக் கல்யாணத்துக்குப் போனார் என்று வந்தது. பி.டி.ஓ. குனிந்து, வழியில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்வையிட்டதாகக் குறிப்பில் இருக்கிறது என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தார். அம்மா அதையும் உரக்கவே சொன்னார்.

“ஸ்கூல பாத்தேன்தான். ஆனா வூட்ட வுட்டுக் கெளம்பனது கல்யாணத்துக்கு. பட்டுப்பொடவ கட்டிகினு எவளாவது ஸ்கூலு பாக்கப் போவாளா? நெசம்.”

அதற்குப் பிறகு வந்த கல்யாணங்களுக்கெல்லாம் பஸ்ஸில் போனார். முகூர்த்த நாளில் பஸ் கூட்டத்தில் பூவெல்லாம் நசுங்கிப் போய் நின்றுகொண்டிருந்தவரை நானே பார்த்திருக்கிறேன்.

யார் எழுதியது என்று அவர் தேடியதில்லை. கையெழுத்தை அடையாளம் சொல்லச் சிலர் முன்வருவார்கள். கை காட்டி நிறுத்திவிடுவார். “எவன் எய்தனான்னு எனக்கு வேணாம். இன்னா எய்தினான், அத்தச் சொல்லு.” இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று நினைவில்லை. அதனால்தான் அவர் மேல் எனக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு கடிதத்தை மட்டும் அவரிடம் கொடுக்காமல் என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். எப்படியோ தெரிந்து வந்து கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே படித்தார். அவருக்கும் பி.டி.ஓ.வுக்கும் தகாத உறவு என்று எழுதி, எந்த நாள் எந்த ஊர் பயணியர் விடுதி என்பதுவரை இட்டுக்கட்டி இருந்தது.

“இத்தையுமாம்மா படிக்கப் போறீங்க?”

“இத்தப் படிக்கலன்னா, மத்ததெல்லாம் படிச்சது சும்மா ஷோக்குக்குன்னு ஆயிடும்.”

படித்தார். அந்த அறையில் பதினைந்து பேருக்கு மேல் இருந்தார்கள். பி.டி.ஓ. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு சொல்லைக்கூட அம்மா விடவில்லை. கடைசி வரி வரை விரலை ஓட்டிவிட்டு, “பொய். எய்திக்கோ. அடுத்தது, பெருநகர் ரோட்டுப் பாலம்” என்று போய்விட்டார்.

கூட்டம் முடிந்ததும் என் தட்டச்சு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வாங்கித் திறந்து கொடுத்தேன்.

“படிக்கசொல்ல எங்கொரலு ஒடஞ்சிச்சா?”

“இல்லம்மா.”

“பொய்,” என்று சொல்லித் தண்ணீரைக் குடித்தார்.

அவரைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் குடிநீர்த் தொட்டி விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்த வருஷம் எங்கள் ஒன்றியத்துக்கு சில மேல்நிலைத் தொட்டிகள் வந்திருந்தன. எந்தெந்த ஊருக்கு என்று முடிவு செய்கிற பொறுப்பைக் குழு தலைவரிடமே விட்டிருந்தது. அம்மா ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் பட்டியல் சொன்னார். இரண்டாம் பக்கத்தில் முதல் பெயர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த காலனி. அங்கே பெண்கள் ஏரிக்கரை மேல் ஏறி இறங்கி, வயல்காட்டுக் கிணற்றில் மோட்டார் ஓடுகிற நேரம் பார்த்துத் தண்ணீர் பிடித்துவந்தார்கள். கரண்ட் இல்லாத நாளில் காலிக்குடத்தோடு திரும்புவார்கள். “அந்தக் கரையில நம்மாலயே வெறுங்கையா ஏற முடியல” என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

மூன்று நாள் கழித்து, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்தார். எப்போதும் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து என்ன குழம்பு என்று கேட்பவர், அன்று கேட்கவில்லை.

“ரெண்டாம் பக்கத்த மட்டும் திரும்ப அடிச்சிடு. மொதப் பேர எடுத்துட்டு எங்க ஊரப் போடு.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

“நேத்து ஊரே வந்து வாசல்ல ஒக்காந்துகினு எயமாட்டேங்குது. ஓட்டுப் போட்டு ஒன்ன சேர்மனாக்கினதுக்கு ஒரு டேங்க் கூடக் கெடையாதான்னு எங்க மாமனாரே கேக்கறாரு. காலனிக்கு அடுத்த வருசம் குடுத்துக்கலாம்.”

அடித்துக்கொடுத்தேன். பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் இந்த மாற்றம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் ஜீப் டிரைவர் முனுசாமி அண்ணன். ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது அவர் வாசலில் வண்டியோடு நின்றிருந்தார். பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிற காலனியை எடுத்துவிட்டு நம் ஊரைப் போடுகிறேன் என்று அம்மா சொன்னதைக் கேட்டிருந்தார். அவர் சேர்மன் அம்மா வீட்டிலேயே சாப்பிடுகிற அளவு நெருக்கமானவர். அம்மாவின் ஊரில் தொட்டி எழும்பியது. காலனிப் பெண்கள் கரை ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது என் சின்ன மகளுக்கு மூச்சிரைப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினால் நான் இரண்டு பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் குழந்தைக்கு உதடு நீலமாகிவிடும். உத்திரமேரூர்ப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதி எழுதி ஓய்ந்திருந்தேன். எங்கள் ஒன்றியத்தின் வைஸ் சேர்மன் ஒருநாள் என் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தலைவர் பதவிமேல் அவருக்குக் கண் உண்டு என்பது ஊருக்கே தெரியும்.

“பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையாமே. நீங்க இங்க வந்து பேஜாராவறீங்க. கலெக்டர் ஆபீஸ்ல நமக்கு வேண்டியவர் ஒருத்தர் கீறாரு. ஒரு வார்த்த சொல்றேன்.”

நன்றி சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.

“அந்த டேங்க் லிஸ்ட்டு... மொதல்ல வேற மாதிரி இருந்துச்சாமே?”

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேலை இருக்கிறது என்று எழுந்திருக்கலாம். “ரெண்டாம் பக்கம் மட்டும் திரும்ப அடிச்சேன். முதல்ல காலனி இருந்துச்சு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பு கடிதம் வந்தது. இந்தத் தடவை உறையைப் பிரித்ததோடு சரி, உள்ளே பார்க்கவில்லை. அப்படியே அவரிடம் கொடுத்தேன். அவர் வழக்கம்போல் பையில் போட்டுக்கொண்டார். முன்கூட்டிப் படித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

கூட்டத்தில் விரலை வைத்துப் படித்தார். முதல் புகார் ஏதோ தெருவிளக்கு. பொய் என்றார். இரண்டாவதும் பொய். மூன்றாவதைப் படிக்கும்போது வேகம் குறைந்தது. ‘காலனிக்கு என்று தட்டச்சு செய்யப்பட்ட பட்டியலின் இரண்டாம் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தன் சொந்த ஊரின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.’ வைஸ் சேர்மன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். காலனி வார்டின் உறுப்பினர், நடவு வேலைக்குப் போகிற பெண், கடைசி வரிசையில் இருந்தவர், தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அம்மா விரலை எடுக்கவில்லை.

“இது நெசம்,” என்றார். “பேர மாத்தச் சொன்னது நான். அடிச்ச பொண்ணு மேல தப்பு கெடையாது. நான் சொன்னேன், அவ செஞ்சா. அத யாரும் கேக்கக் கூடாது.”

நான் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து ஒன்றும் கண்ணில் படவில்லை. ‘மூன்றாவது புகார் குறித்துத் தலைவர் விளக்கம் அளித்தார்’ என்று எழுதினேன். அலுவலகத்தில் எதையும் மூடி எழுதுவதற்கு அப்படி ஒரு வாக்கியம் உண்டு.

“படி,” என்றார்.

படித்தேன்.

“வெளக்கம் இன்னா வெளக்கம்? நான் வெளக்கவே இல்லையே. நெசம்னு சொன்னேன். அத்த எய்து.”

பி.டி.ஓ. எழுந்து, “அம்மா, பதிவுல ஏறினா அப்புறம் எடுக்க முடியாது” என்றார்.

“எடுக்கறதுக்கா ஏத்தறோம்? எய்தும்மா.”

அந்த வரியை அடித்துவிட்டு, நெசம் என்று எழுதினேன். அதே கூட்டத்தில், அடுத்து வருகிற முதல் தொட்டி அந்தக் காலனிக்கே என்று ஒரு தீர்மானத்தையும் அவர் கொண்டுவந்தார். அதை எதிர்க்க யாராலும் முடியவில்லை. இரண்டுக்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் அவர் ஜீப்பில் ஏறவில்லை. முனுசாமி அண்ணன் கதவைத் திறந்துவைத்து நின்றார். அவரைப் பார்க்காமலே கடந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோனார். மறுநாளும் அப்படியே. எவன் எழுதினான் என்று கேட்கவே கேட்காதவர், அந்த ஒரு தடவை மனசுக்குள் கேட்டுவிட்டார். பதிலும் அவரே சொல்லிக்கொண்டார். வாரக் கடைசியில் டிரைவரை மாற்றித்தரச் சொல்லி பி.டி.ஓ.விடம் கேட்டார். காரணம் சொல்லவில்லை. முனுசாமி அண்ணனைக் கடலோரப் பக்கம் ஒரு ஒன்றியத்துக்கு மாற்றினார்கள்.

போகிற அன்று அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். பெரிய உடம்பு, கதவை அடைத்துக்கொண்டு நிற்பார்.

“ஏம்மா, ஒனக்காவது தெரியுமா? அம்மா மூஞ்சி குடுத்துப் பேசமாட்டேங்குது. நான் இன்னாம்மா பண்ணேன்?”

“தெரியலயே, அண்ணே,” என்றேன்.

அடுத்த மாதம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் காட்டினார்கள். சொந்த ஊரிலும் அவருக்கு ஆதரவு இல்லை. கிடைத்த தொட்டியைத் திருட்டுத் தொட்டி என்று சொல்லவைத்துவிட்டாள் என்று அங்கே கோபம். வீட்டுக்காரர் வேப்பமரத்தடிக்குக்கூட வருவதை நிறுத்திவிட்டார். ஓட்டெடுப்புக்கு முன்னால் காலனி உறுப்பினர் அம்மாவின் அறைக்கு வந்தார். நான் அங்கே கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஒத்துகினீங்க. அது பெரிய மனசுதான். ஆனா எங்க பொண்ணுங்க இன்னும் கரை ஏறிகினுதான் கீதுங்க. நான் ஒங்களுக்குக் கை தூக்கினா எங்க தெருவுல எப்படி நடப்பேன்?”

“தூக்காத,” என்றார் சேர்மன் அம்மா. “ஒன் எடத்துல இருந்தா நானும் தூக்கமாட்டேன்.”

கோட்டாட்சியர் வந்து ஓட்டெடுப்பு நடத்தினார். அம்மா தோற்றார். மேசையிலிருந்து மூக்குக்கண்ணாடியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டு மூணரை மணி பஸ்ஸில் போய்விட்டார். காலனித் தொட்டி மறு வருஷம் கட்டி முடிந்தது. கல்வெட்டில் புதுத் தலைவர் பெயர் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அதற்குள் எனக்கு உத்திரமேரூர்ப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. வைஸ் சேர்மனாக இருந்தவர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்.

ஆறு வருஷம் கழிந்தது. மகளுக்கு மூச்சிரைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெருநகர் என்கிற ஊரில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு பஸ் ஏறினால், ஜன்னலோரம் அவர். தலை பாதி நரைத்திருந்தது. கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். பாப்பா எப்படி இருக்கிறாள், என்ன படிக்கிறாள் என்று கேட்டார். அவருடைய பையன் பட்டணத்தில் வேலையில் இருப்பதாகச் சொன்னார். பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி, ஊளல் என்று எழுதியவனை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு அவர் குரல் மாறியது.

“பதவி பூடுச்சேன்னு எனக்கு ஒரு நாளும் வருத்தமில்ல. அந்த முனுசாமிய நெனச்சாத்தான் ஆறமாட்டேங்குது. நம்ம வூட்ல சோறு துன்னவன், போய்ச் சொல்லிட்டான் பாரு.”

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. கண்டக்டர் சில்லறை கேட்டுக்கொண்டு போனார். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“அது அவரு இல்லம்மா. நான்தான்.”

“இன்னா?”

மறுபடியும் சொன்னேன். மகளுக்கு உடம்பு சரியில்லாதது, மாற்றல், ஸ்டூலில் உட்கார்ந்த வைஸ் சேர்மன், நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம், எல்லாவற்றையும் சொன்னேன். முனுசாமி அண்ணன் வந்து கேட்டபோது தெரியாது என்று சொன்னதையும் சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒன்ன நான் நெனைக்கவே இல்ல,” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்ச தூரம் போனதும், “முனுசாமி இப்ப எங்க கீறான்?” என்று கேட்டார்.

ஓய்வு பெற்று வாலாஜாபாத் பக்கம் பாலாற்றங்கரையில் அவருடைய ஊருக்கே வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சொன்னேன்.

“எறங்கு,” என்று எழுந்துவிட்டார்.

“இன்னொரு நாள் போலாமே, அம்மா.”

“ஆறு வருசம் பத்தாதா ஒனக்கு?”

எதிர்ப்பக்கம் நின்று வேறு பஸ் பிடித்தோம். வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை. டிக்கெட்டை மட்டும் எனக்கும் சேர்த்து எடுத்தார். இறங்கி, இரண்டு பேரிடம் வழி கேட்டு, முனுசாமி அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் வாசலில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து கட்டிலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உடம்பு வற்றிப்போயிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நின்றார். அவருடைய மனைவி கதவருகில் வந்து நின்றார். எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“உள்ள வாங்கம்மா,” என்றார் முனுசாமி அண்ணன்.

“வரல. மொதல்ல இத்தச் சொல்லணும்.” தெருவில் நின்றபடியே, கூட்டத்தில் படிக்கிற அதே குரலில் சொன்னார். “முனுசாமி, நீ என்னப் பத்திப் போய்ச் சொல்லிட்டன்னு நெனச்சேன். நெனச்சித்தான் ஒன்ன மாத்தச் சொன்னேன். அது பொய். நீ சொல்லல. ஒன்ன ஒரு வார்த்த கூடக் கேக்காம நானே தீர்ப்பு எய்திட்டேன். அது நெசம்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு.”

சொன்னேன். பஸ்ஸில் சொன்னதைவிட இங்கே சொல்வது கடினமாக இருந்தது. எதிர்வீட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. முழுவதையும் சொல்லி முடித்தேன்.

முனுசாமி அண்ணன் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தார். அவர் மனைவிதான் முதலில் பேசினார்.

“அவ்ளோ தொலவுக்கு மாத்திட்டாங்க. வாரத்துக்கு ஒரு நாளு வருவாரு. இவரோட அம்மாவுக்கு ஒடம்பு முடியாம போயி ஆள் அனுப்பனோம். இவரு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி பூட்ச்சி. கொள்ளி வெக்கறதுக்குத்தான் வந்தாரு.”

சேர்மன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அப்போதுதான்.

முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். “நான் வந்து கேட்டேனே.”

“கேட்டீங்க, அண்ணே.”

“தெரியலன்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

அவர் கயிற்று நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, “தெருவுல நிக்காதீங்கம்மா. ஒக்காருங்க” என்று ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். “பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கீது.” அம்மா உட்கார்ந்தார். எனக்கு இடம் போடவில்லை. நான் முருங்கை மரத்தோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

அவர் மனைவி உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்து டீ கொண்டுவந்தார். இரண்டு டம்ளர்கள். ஒன்றை அம்மாவிடம் கொடுத்தார். இன்னொன்றைப் புருஷனிடம் கொடுத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கதவருகில் போய் நின்றார்.

சேர்மன் அம்மா தம் டம்ளரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பாதியை எனக்குக் கொடுப்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர் ஊதி ஊதி, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, காலி டம்ளரை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.